வியாகுலம்மாள் சம்படம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற ஸ்ரீரங்கம் தீவு முழுவதிலும் அடுத்தவர் பொருள் ஒரு துரும்புகூட இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான், அது அம்மா மண்டபம் சாலைப் பக்கம் பொன்னி என்கிளேவ் இரண்டாவது மாடியில் இருக்கிறது என்று காசிநாதன் அறிவித்தார். தன் வீட்டைத்தான் சொன்னார். லிஃப்டில் வைத்துச் சொன்னார். கோயிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. உண்டியலில் கிடப்பதெல்லாம் அடுத்தவர் பணம்தானே என்று காரணம் காட்டினார். கூட இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். லிஃப்ட் பாதியில் நின்றால் திறக்கிற சாவி அவரிடம்தான் இருந்தது.

பொன்மலையில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷத்தில் அரசாங்கக் குண்டூசி ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை என்பார். ஒருமுறை சட்டைப் பையில் தப்பி வந்துவிட்ட குண்டூசியை மறுநாள் காலை மேலதிகாரியின் மேஜையில் வைத்து வருத்தம் தெரிவித்தார் என்று ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அவர் மட்டும்தான் சொல்வார். ஓய்வுக்குப் பிறகு சட்டம் படிக்க ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்துக்கொண்டு யூடியூபில் படித்தார். மற்றவர்களுக்குப் பிடித்த பாட்டு இருப்பது மாதிரி அவருக்குக் குற்றவியல் சட்டத்தில் பிடித்த பிரிவு ஒன்று இருந்தது.

அந்தப் பிரிவுக்கு வேலை கொடுக்க முதல் மாடி இருதயமேரி ஒரு நாள் படியேறி வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் என்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

"அண்ணே, ஒரு சின்ன விஷயம். யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க சிஸ்டர். தப்பு இருந்தாத்தானே என்கிட்ட வரணும்."

"எங்கம்மா எனக்குக் குடுத்த அடுக்குச் சம்படம் இருக்குண்ணே. எவர்சில்வர். மூடியோட, ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்கும். அதுல நடுவுல ஒண்ணைக் காணோம்."

"திருட்டா?" காசிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, இல்ல. நான்தான் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வச்சு யார் வீட்டுக்கோ குடுத்துவிட்டேன். கைக்குக் கிடைச்ச பாத்திரத்துல எல்லாம் போட்டு ஜோதிகிட்ட அனுப்பினேன். எது எந்த வீட்டுக்குப் போச்சுன்னு எனக்கும் ஞாபகமில்ல, அவளுக்கும் ஞாபகமில்ல."

ஜோதி அவருடைய ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தேவாலயத்தில் அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மணப்பாறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சீர்ச் சாமான் பார்க்க வருகிறார்கள்.

"புதுசு ஒண்ணு வாங்கி வச்சிரலாமே சிஸ்டர்."

"பெரிய கடை வீதி பூரா ஏறி இறங்கியாச்சுண்ணே. அந்த அளவு இப்ப வர்றதில்லையாம். ஒண்ணு, உள்ள இறங்கவே மாட்டேங்குது. இல்லன்னா விழுந்து லொடலொடங்குது. மாப்பிள்ளையோட அத்தை ஒவ்வொண்ணா மூடியைத் திறந்து பார்க்கிற ஆளு. அது போகட்டும். அதுல எங்கம்மா பேரு வெட்டியிருக்கும், வியாகுலம்மாள், பாலக்கரைன்னு. சாகறதுக்கு முன்னாடி, 'மேரி, அடுக்கைப் பிரிக்காம ஜோதிக்குக் குடுத்துரு'ன்னாங்க. அவங்க என்கிட்ட வேற எதுவுமே கேட்டதில்ல."

"நேராப் போய்க் கேட்க வேண்டியதுதானே?"

"எப்படிண்ணே கேட்கிறது? பலகாரம் குடுத்துட்டுப் பாத்திரத்தைக் கேட்டா என்ன நினைப்பாங்க?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொன்னி என்கிளேவில் எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். தின்பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஏதாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். வைப்பதற்கு ஏதாவது வாய்க்கும்வரை பாத்திரம் வந்த வீட்டிலேயே இருக்கும். கொடுத்தவர்களும் மரியாதை தெரிந்தவர்கள், ஆகவே கேட்க மாட்டார்கள். இப்படி இரண்டு பக்க மரியாதையும் சேர்ந்து, அந்தக் கட்டடத்தில் ஒருவர் பாத்திரத்தில் இன்னொருவர் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் போனால் அந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடும். இன்னும் கொஞ்ச நாள் போனால் அது தன் சீரோடு வந்தது என்று ஞாபகம் வந்துவிடும்.

"சிஸ்டர், இதுக்குப் பேர் மரியாதை இல்ல, கையாடல்," என்றார் காசிநாதன். "பழைய சட்டத்துல நானூத்தி மூணு, புதுசுல முந்நூத்திப் பதினாலு. பொருள் கைக்கு வந்தது குத்தமில்ல. நல்ல வழியிலதான் வந்துது. ஆனா, இது நம்மளது இல்லன்னு தெரிஞ்ச பிறகும் வச்சுக்கிட்டுப் புழங்குறான் பாருங்க, அங்க நிக்குது குத்தம். ஆறு மாசத்துக்குக் குறையாது. ரெண்டு வருஷம் வரைக்கும் போகும்."

"ஐயோ, சம்படம் கிடைச்சாப் போதும்ணே. யாரும் ஜெயிலுக்கெல்லாம் போக வேணாம்."

"அது உங்க பெருந்தன்மை. சட்டத்துக்கு அதெல்லாம் கிடையாது. கேட்டா என்ன சொல்லுவான் தெரியுமா? வெறும் பாத்திரமா எப்படிங்க குடுக்கிறதும்பான். பேங்க்ல கொள்ளையடிச்சவன், வெறுங்கையோட திருப்பிக் குடுக்கக் கூடாது, வட்டி சேரட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன்னா விட்டுருவாங்களா? இந்த 'வெறும் பாத்திரமாவா'ங்கிற வார்த்தை இருக்கு பாருங்க, அதைச் சொல்றவன்தான் சிஸ்டர் அசல் திருடன். திருடனுக்காவது ராத்திரி முழிச்சிருக்கிற கஷ்டம் இருக்கு."

இருதயமேரி தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். போகும்போது, "உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். காசிநாதனுக்கு அது நியாயமாகவே பட்டது. வேறு யாரை நம்புவது?

அன்று சாயங்காலமே கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. முதல் மாடியைச் சேர்ந்த ஒருவருக்குச் சொந்தமான அசையும் சொத்து ஒன்று இக்கட்டடத்தில் ஒருவரால் நேர்மையற்ற முறையில் தன்வசப்படுத்தப்பட்டுள்ளது என்றும், அந்த நபர் மனிதப் பிறவியில் சேர்த்தி இல்லை என்றும், பிடிபட்டால் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டப்படும் என்றும், வெள்ளிக்கிழமை மாலை மொட்டை மாடியில் விசாரணைக் கூட்டம் என்றும் அதில் இருந்தது. கீழே நிறைய கைகூப்புகளும், யாரோ தவறுதலாகப் போட்ட பிறந்தநாள் கேக்கும் வந்தன.

முதலில் மூன்றாவது மாடிக்குப் போனார். அங்கே அன்வர், பானு தம்பதி. அன்வர் கடைக்குப் போயிருந்தார். பானு கதவைத் திறந்தாள்.

"வாங்க அங்கிள், உட்காருங்க. டீ போடவா?"

"விசாரணைக்கு வந்திருக்கேன்மா. டீ எல்லாம் வேணாம்." கொஞ்சம் யோசித்து, "சர்க்கரை கம்மியா," என்றார்.

சம்படம் என்றதும் பானு உள்ளே போய் ஒரு சின்னத் தூக்குவாளியைக் கொண்டு வந்து வைத்தாள். அதில் மைதிலி என்று வெட்டியிருந்தது.

"சிஸ்டரோடது எங்ககிட்ட இல்ல அங்கிள். இது மைதிலி மாமியோடது. புளியோதரை குடுத்தாங்க. வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதுன்னு பெருநாள் வரைக்கும் வச்சிருந்தேன். பெருநாளன்னைக்குப் பிரியாணியைப் போட்டு மூடி லிஃப்ட் வரைக்கும் போயிட்டேன். அப்பத்தான் உறைச்சுது."

"அப்புறம்?"

"இவர் சொன்னாரு, மாமி திறந்து பார்த்து மயக்கம் போட்டா பழி நம்ம மேலன்னு. திரும்பி வந்து நாங்களே சாப்பிட்டோம்."

"பழம் வச்சுக் குடுத்திருக்கலாமே?"

"ஒரே ஒரு ஆப்பிள்தான் அங்கிள் உள்ள போகுது. ஒத்த ஆப்பிளைக் கொண்டுபோய்க் குடுத்தா, நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி இருக்காது?"

காசிநாதன் டீயைக் குடித்துவிட்டு, இவள் படித்த பெண் என்பதை நினைத்து வருத்தத்தோடு இறங்கினார்.

மைதிலி மாமி அவருக்கு எதிர்வீடு. பெருமாள் சேவிக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"எங்காத்துலயா? கண்டவா பாத்திரம் நிலைப்படி தாண்டாது மாமா. நீங்கதான் எதிர்ல இருந்து பார்த்துண்டிருக்கேளே."

"பால்கனியில ஒரு எவர்சில்வர் பாத்திரம் தெரியுதே மாமி."

"அது வெளியிலன்னா இருக்கு."

போய்ப் பார்த்தார். பாத்திரத்தில் மண் நிரப்பிக் கற்பூரவல்லி வைத்திருந்தது. மண்ணைத் தட்டிப் பார்த்தால், வெளிப்பக்கம் அன்வர், பானு, திருமண அன்பளிப்பு என்று இருந்தது.

"ரம்ஜானுக்கு அந்தப் பொண்ணு சேமியா அனுப்பிச்சா. தங்கமான பொண்ணு. நாங்க சாப்பிடலை, மனசால ஏத்துண்டுட்டோம். வெறும் பாத்திரமாக் குடுக்கப்படாதோன்னோ? அதான் கற்பூரவல்லி வச்சேன். நன்னாத் தழைஞ்சதும் செடியோட குடுத்துடலாம்னு."

"நல்லாத்தானே தழைஞ்சிருக்கு."

"தழைஞ்சுண்டேதான் இருக்கு. ரெண்டு மூணு தடவை பஜ்ஜி போட்டாச்சு. இப்பக் குடுத்தா மொட்டையா இருக்கும், பார்க்க நன்னா இருக்காது."

கடைசியில் கீழ்த்தளம். அங்கே சரவணன் இருந்தார். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் பம்புசெட் கடை வைத்திருப்பவர், சங்கத் தேர்தலில் போன தடவை காசிநாதனிடம் தோற்றவர். போர்டிகோவில் கார் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் மொண்டு ஊற்றிய பாத்திரம் மூடியில்லாத ஒரு சம்படம். பேர் இருந்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது.

"இது எங்கேந்து வந்துது?"

"என் வீட்டம்மா சீரோட வந்தது."

"பேரு ஏன் அழிஞ்சிருக்கு?"

"என் மாமனார் பேரு சார். கார் கழுவுறப்ப அவர் என்னையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு."

காசிநாதன் நேராக லிஃப்டில் ஏறினார். மாடிக்கு வந்து குழுவில் போட்டார்: கீழ்த்தளத்தில் ஒரு வீட்டில் பெயர் அழிக்கப்பட்ட பாத்திரம் ஒன்று கார் கழுவப் பயன்பட்டு வருவது விசாரணையில் தெரியவந்துள்ளது, நாகரிகம் கருதிப் பெயர் குறிப்பிடப்படவில்லை. கீழ்த்தளத்தில் இருந்தது ஒரே வீடு.

அதன் பிறகு சரவணனின் மனைவி இருதயமேரி வீட்டுக்குப் போகவில்லை. பூ தொடுக்க வருவதாகச் சொல்லியிருந்தவர். இருதயமேரி கீழே இறங்கிப் போய்ச் சமாதானம் பேசியும் கதவு பாதிதான் திறந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காசிநாதன் கூட்டத்துக்கான உரையைத் தயார் செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி ரங்கநாயகி குளிக்கப் போகிறவர், ரெண்டு அளவு அரிசி எடுத்துக் களைந்து குக்கரில் வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். காசிநாதன் அடுப்படிக்குள் வருவது தண்ணீர் குடிக்க மட்டும்தான். அரிசி எங்கே இருக்கிறது என்று தேடவே நேரமாயிற்று. அரிசி டிரம்மைத் திறந்து கையை விட்டார். அளக்கிற பாத்திரம் அரிசிக்குள் புதைந்து கிடந்தது. எடுத்தார். விளிம்பு மடித்த, கனமான, பழைய காலத்து எவர்சில்வர். அரிசியைக் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் திருப்பினார். புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. வியாகுலம்மாள். அதற்குக் கீழே, சின்னதாக, பாலக்கரை.

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காசிநாதன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

ரங்கநாயகி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "அரிசி போட்டாச்சா?"

"இது என்ன?"

"சம்படம். அதுலதானே அளக்கிறேன். அளவு சரியா இருக்கு."

"யாரோடது இது?"

"சிஸ்டரோடது. கிறிஸ்துமஸுக்கு அதிரசம் வச்சுக் குடுத்தாங்களே, நீங்ககூட டப்பாவுல போடக்கூட விடாம உட்கார்ந்து தின்னீங்களே."

"கட்டடம் பூரா இதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

ரங்கநாயகி துண்டை இறக்கினார். "இதையா? சிஸ்டர் வந்தப்ப நான் கோயிலுக்குப் போயிருந்தேன், நீங்களோ அசையும் சொத்துன்னு போட்டிருந்தீங்க. நான் ஏதோ ஸ்கூட்டியைக் காணோம்னு நினைச்சேன், அதுக்கப்புறம் குழுவையே பார்க்கல. சம்படம்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே."

"அப்பவே ஏன் குடுக்கலை?"

"நீங்கதானே சொன்னீங்க. பொங்கல் வரட்டும், சக்கரைப் பொங்கல் வச்சுக் குடுன்னு. அதுக்குள்ள லால்குடி சித்தப்பா தவறிட்டாரு. பங்காளி தீட்டு, வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, வெளியில பலகாரம் குடுக்கக் கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. வருஷம் திரும்பட்டும்னு வச்சிருந்தேன். அளக்கிறதுக்கு ஒண்ணு வேணுமேன்னு உள்ள போட்டேன்."

ரங்கநாயகி சொன்னது அத்தனையும் உண்மை. மாடிமாடியாக ஏறி இறங்கிக் காசிநாதன் கேட்டுவந்த அதே உண்மை. மற்ற வீடுகளில் கேட்டபோது எவ்வளவு கேவலமாக இருந்ததோ அதில் ஒரு குன்றிமணிகூட இங்கே குறையவில்லை. ஆனாலும் தன் வீட்டு விஷயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று காசிநாதனுக்குத் தோன்றியது. அந்த நியாயம் என்ன என்பதுதான் உடனே அகப்படவில்லை.

"சரி, குடுங்க," என்று கையை நீட்டினார் ரங்கநாயகி. "கழுவித் துடைச்சுக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன். பாவம், சீரு வைக்கணுமே."

"இரு. எதுவும் முறையா நடக்கணும். நானே கூட்டத்துல குடுக்கிறேன்."

அவர் மனசில் ஒரு வழி ஓடியது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது என்று எடுத்துக் காட்டலாம். குற்றவாளி பயந்து போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லலாம். அறிவிப்பின் வலிமை அப்படி என்றுகூடச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகுதான் தொட்டிக்குப் பின்னால் கேமரா இருப்பது ஞாபகம் வந்தது. படிக்கட்டிலும் இருந்தது. முதல் மாடி வாசலிலும் இருந்தது. யார் வேண்டுமானாலும் அவரவர் போனில் பார்க்கலாம். மக்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அதையெல்லாம் வைக்கச் சொன்னவர் காசிநாதன்தான்.

சம்படத்தைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். உள்ளே சரவணன், கையில் கார் கழுவுகிற சம்படத்தோடு.

"என்ன சார், பை கனமா இருக்கு. சாட்சியா?"

"ஆவணங்கள்," என்றார் காசிநாதன்.

லிஃப்ட் ஏறுகிறவரை சரவணன் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மொட்டை மாடியில் வெயில் இறங்கியிருந்தது. ராஜகோபுரம் ஒரு பக்கம், ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை ஒரு பக்கம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். காசிநாதன் பையை நாற்காலிக்கு அடியில், இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

முதலில் சரவணன் எழுந்தார். தன் சம்படத்தை இருதயமேரி முன்னால் வைத்தார். "பாருங்க சிஸ்டர். உங்களோடதா?"

இருதயமேரி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இல்லங்க தம்பி. அம்மாவோடதுக்கு விளிம்பு மடிச்சிருக்கும். நான் உங்களை நினைக்கவே இல்ல, வீட்டுல சொல்லுங்க."

"கேட்டீங்களா சார்?" என்று திரும்பினார் சரவணன்.

"சந்தேகத்தின் பலன் உங்களுக்கு அளிக்கப்படுகிறது," என்றார் காசிநாதன்.

அப்புறம் நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. பானு தயங்கித் தயங்கி எழுந்து, மைதிலி மாமியின் தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தாள். "மாமி, ரொம்ப நாளா எங்ககிட்ட இருக்கு. எதுவும் வைக்கல. வெறுமனேதான் இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க."

மாமி அதை வாங்கித் திறந்து பார்த்தார். நிஜமாகவே காலியாகத்தான் இருந்தது. "அடி அசடே, இதுக்கா இத்தனை நாள்? நான் தொலைஞ்சே போச்சுன்னுன்னா நினைச்சேன்," என்றவர், வீட்டுக்குப் போய்க் கற்பூரவல்லியை மண்ணோடு தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தார். "செடி மொட்டையாத்தான் இருக்கு. பரவாயில்லையா?"

பானு சிரித்துவிட்டாள். அதோடு கூட்டம் கலைந்து சந்தை ஆகிவிட்டது. ஒவ்வொருவராகக் கீழே போனார்கள். கிண்ணம், தூக்கு, மூடியில்லாத பாத்திரம், பாத்திரமில்லாத மூடி என்று வந்துகொண்டே இருந்தது. எல்லாம் காலி. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. இது எங்களோடதா, அடடே, நாங்க மறந்தே போயிட்டோமே என்று சத்தம். சரவணனின் மனைவிகூட மேலே வந்து, இருதயமேரியின் கிண்ணம் ஒன்றை அவர் மடியில் வைத்துவிட்டு, "பூ நாளைக்குத் தொடுக்கலாம் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காசிநாதன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். குனிந்து பையை எடுத்தால் போதும். இவ்வளவு சத்தத்தில், இத்தனை பாத்திரத்தில், இதுவும் ஒன்று. எங்க வீட்டுலயும் இருந்துது சிஸ்டர் என்றால் முடிந்தது. சிரிப்பார்கள். ஒரு நிமிஷம் சிரிப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தை அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சரவணன் எப்படிச் சிரிப்பார் என்பதைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவை காலைக்கூட நகர்த்தினார். பிறகு காலைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

சத்தம் அடங்கியது. எல்லோர் மடியிலும் ஏதோ ஒரு பாத்திரம் இருந்தது. சம்படம் வரவில்லை.

"எல்லார் வீட்டுலயும் பார்த்தாச்சு," என்றார் சரவணன். "உங்க வீட்டுல பார்த்தாச்சா சார்?"

காசிநாதனுக்குக் காது சுட்டது. வாயைத் திறந்தார். அதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

"நன்னாக் கேட்டேள். மாமா ஆத்துல அடுத்தவா குண்டூசி இருக்காது."

"தம்பி, அண்ணனை அப்படிக் கேட்கலாமா?" என்றார் இருதயமேரி. "எனக்காக மூணு நாளா மாடி ஏறி இறங்குறாரு. முழங்கால் வலியோட." பிறகு காசிநாதன் பக்கம் திரும்பினார். "விட்டுருங்கண்ணே. யார் வீட்டுல இருந்தாலும் சோத்துக்கோ குழம்புக்கோதான் இருக்கும். நான் மீதி நாலை வச்சுச் சமாளிச்சுக்கிறேன். அந்த அத்தைகிட்ட, நடுவுல ஒண்ணு தவறிப்போச்சுன்னு சொல்லிர்றேன். ஜோதிகிட்டதான் என்ன சொல்றதுன்னு தெரியல. அவ பாட்டி சொன்னதை அவளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா."

அவர் குரலில் அழுகை எதுவும் இல்லை. சேலைத் தலைப்பால் கிண்ணத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் விடமாட்டேன் சிஸ்டர்," என்றார் காசிநாதன். "ஆள் யாருன்னு மட்டும் தெரியட்டும்."

சிலர் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்தது. அவர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். ஒவ்வொரு கேமராவையும் கடக்கும்போது நடையைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

ரங்கநாயகி வாசலிலேயே நின்றார். "குடுத்துட்டீங்களா? சிஸ்டர் என்ன சொன்னாங்க?"

காசிநாதன் நேராக அடுப்படிக்குப் போனார். ரங்கநாயகி பின்னாலேயே வந்தார். அவர் பையிலிருந்து சம்படத்தை எடுப்பதைப் பார்த்தார்.

"என்னங்க இது? குடுக்கலையா? கூட்டத்துல கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க."

"குடுங்க இங்க. நான் போய்க் குடுத்துட்டு வரேன். நான்தான் வச்சிருந்தேன்னு சொல்லிக்கிறேன். எனக்கு என்ன வெக்கம்? நாளன்னைக்கு ஆளுங்க வராங்க."

காசிநாதன் டிரம்மின் மூடியைத் திறந்தார். மனைவியைப் பார்க்காமல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலை இறக்கி, "வெறும் சம்படமாவா குடுப்ப?" என்றார். "சித்தப்பாவுக்கு வருஷம் திரும்பட்டும்."

ரங்கநாயகி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். காசிநாதன் பேர் வெட்டியிருந்த பக்கத்தைக் கீழே திருப்பி, சம்படத்தை அரிசிக்குள் முழங்கை வரை இறக்கினார். பிறகு இரண்டு கையாலும் அரிசியை அள்ளி மேலே போட்டு, மேடு பள்ளம் தெரியாமல் தடவி மட்டப்படுத்தினார்.